பழைய காரும் எண்ணெயின் தடிப்பும்

சென்ற மாதம் ஒருநாள் இரவு, இலண்டனில் வாழும் என் சின்னம்மாவின் மகன் தொலைபேசியில் அழைத்தான். சுகசேமங்களை விசாரித்து முடிந்ததும், "அண்ணை, நீங்கள் பிள்ளையளுக்குப் பௌதிகம் படிப்பிக்கிறனீங்கள்தானே, என்ரை காருக்கு என்ன ஒயில் விடுறதெண்டு ஒருக்காச் சொல்லுங்கோ" என்றான். ஆசிரியனாகிவிட்டவன் சாதகக் குறிப்பு முதல் வங்கிக் கடன் பத்திரம் ஈறாக எல்லாவற்றுக்கும் விடை கூறக் கடமைப்பட்டவன் என்பது நம்மவர் துணிபு. ஆயினும், கார் எண்ணெய் பற்றி என்னிடம் ஒருவர் கேட்டது இதுவே முதற்றடவை. சிரித்துக்கொண்டு கேட்கத் தொடங்கிய நான், அவன் சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பை நிறுத்திவிட்டேன்.

அவனிடம் உள்ளது 1959ஆம் ஆண்டில் செய்யப்பட்ட ஒஸ்ரின்-ஹீலி ஸ்பிறைற் என்னும் ஸ்போட்ஸ் கார். இருவர் மட்டுமே அமரலாம். டொனால்ட் ஹீலி என்பவர் உருவாக்க, 1958இல் வெளிவந்து, இங்கிலாந்தில் அபிங்டன் என்னும் ஊரிலே தயாரிக்கப்பட்டது. முன்விளக்குகள் இரண்டும் மூடியின்மேல் எழுந்து நிற்பதால் ஆங்கிலேயர் அதற்குத் "தவளைக் கண்ணன்" என்று பொருள்படும் செல்லப் பெயரை இட்டு வழங்குகின்றனர். அதனை வாங்க என் தம்பி பத்து வருடங்கள் பணம் சேர்த்தான். மனைவியின் சம்மதத்தைச் சேர்க்க மேலும் இரண்டு வருடங்கள் சென்றன.

இவ்வாண்டின் இளவேனிலில், வீட்டுக்கு அண்மையிலுள்ள ஒரு கராஜில் அதற்கு எண்ணெய் மாற்றினார்கள். இக்காலக் கார்களுக்கு விடும் 5டபிள்யூ-30 என்னும் மெல்லிய எண்ணெயை நிரப்பிவிட்டார்கள். சில வாரங்களில் எண்ணெய் அமுக்கமானியின் முள் இறங்கத் தொடங்கிற்று. முன்னர் ஓட்டத்தில் சதுர அங்குலத்துக்கு 50 இறாத்தல் காட்டியது, இப்போது 30ஐயும் எட்டுவதில்லை. சூடேறிய பின் நின்ற நிலையில் 10க்கும் கீழே வீழ்கின்றது. எஞ்சினின் பின்புறத்தால் எண்ணெய் சொட்டுகின்றது. "விலை உயர்ந்த எண்ணெய், ஒன்றும் செய்யாது" என்றார் ஒரு நண்பர். "தடித்த 60ஐ விடு, முள் தானாக ஏறும்" என்றார் மற்றொருவர். யார் சொல்வதைக் கேட்பது என்பதே அவனுடைய சந்தேகம். எஞ்சின் பழுதானால் அதனைப் பிரித்துத் திருத்த ஆயிரக்கணக்கான பவுண் செல்லுமாம்.

இலண்டனில் உள்ள ஒருவரின் ஸ்போட்ஸ் காருக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கக்கூடும். தொடர்பு உண்டு. அந்த ஸ்பிறைற்றின் எஞ்சின், நம் தெருக்களில் இன்றும் ஓடும் மொறிஸ் மைனரின் எஞ்சினே. 1951இல் ஒஸ்ரின் ஏ30 காரில் முதன்முதலாக வந்த எஞ்சின் குடும்பம் அது. 948 கனசென்ரிமீற்றர் கொள்ளளவுடன் 1956இல் மைனருக்கு வந்தது. இரண்டு காபுரேற்றர்களைப் பூண்டு 1958இல் ஸ்பிறைற்றுக்குப் போயிற்று. ஒன்று வாடகைக்கு ஓடிக் குடும்பத்தைக் காத்தது. மற்றது உல்லாசத்துக்கு ஓடியது. இரண்டின் இரத்தமும் ஒன்றுதான். ஆகையால் கொட்டிலில் ஒரு மைனரை வைத்திருக்கும் அன்பர்களும் இதனை வாசிக்கலாம்.

முதலிலே அந்த இலக்கத்தின் பொருளை அறிதல் வேண்டும். எண்ணெயின் "எடை" என்று பலரும் சொல்வர். தராசுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அஃது எண்ணெயின் பிசுக்குமையை, அதாவது ஓடுவதற்கு அது காட்டும் தயக்கத்தைக் குறிப்பது. நீர் சட்டென்று ஓடும். நல்லெண்ணெய் சற்றுத் தயங்கும். பனம்பாணி மிகவும் தயங்கும். 1905இல் அமெரிக்காவில் நிறுவப்பட்ட மோட்டார்ப் பொறியியலாளர் சங்கம், 1911இல் இத்தயக்கத்தை வகுத்து இலக்கமிட்டது. இன்றைய அளவின்படி, 100 பாகை வெப்பநிலையில் 30 என்னும் தரம் 9.3 முதல் 12.5 வரையான பிசுக்குமை உடையது. 40 என்பது 12.5 முதல் 16.3 வரை, 50 என்பது 16.3 முதல் 21.9 வரை. நீரின் பிசுக்குமை சாதாரண வெப்பநிலையில் ஏறக்குறைய 1 ஆகும் என்பதை நினைத்துக்கொண்டால் இவ்விலக்கங்கள் விளங்கும்.

எண்ணெயின் இயல்பு வெப்பத்தால் பெரிதும் மாறுவது. நுவரெலியாவில் தேங்காயெண்ணெய் போத்தலைக் கவிழ்த்தாலும் விழாது. யாழ்ப்பாணத்து மத்தியானத்தில் அது நீர்போல் ஓடும். எஞ்சின் எண்ணெயும் 40 பாகையில் காட்டும் பிசுக்குமையில் ஏறத்தாழ எட்டிலொரு பங்கையே 100 பாகையில் காட்டும். குளிரில் எளிதாய் ஓடும் எண்ணெய் வெப்பத்தில் நீர்த்துப்போகும். வெப்பத்தில் தாக்குப்பிடிப்பது குளிரில் இறுகிவிடும். இதனாலேயே, ஒற்றைத் தர எண்ணெய்களே வழங்கிய அக்காலத்துக் கைந்நூல்கள், சாதாரண காலநிலைக்கு 30 என்றும் கடுங்குளிருக்கு அதனிலும் மெல்லியது என்றும் வகுத்துக் கூறின.

பின்னர் பல்தர எண்ணெய்கள் பரவலாயின. 20டபிள்யூ-50 என்பதிலுள்ள "டபிள்யூ" என்னும் எழுத்தை எடையைக் குறிப்பதாகப் பலர் கருதுகின்றனர்; அது மாரிகாலம் என்னும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. குளிரில் 20ஐப் போலவும் வெப்பத்தில் 50ஐப் போலவும் நடக்கும் எண்ணெய் என்பதே பொருள். இதற்காக எண்ணெயில் நீண்ட இழைபோன்ற மூலக்கூறுகளைச் சேர்க்கின்றனர். அவை குளிரில் சுருண்டு கிடக்கும். வெப்பத்தில் விரிந்து எண்ணெய் நீர்த்துப்போகாமல் தடுக்கும். ஓடஓட அவ்விழைகள் அறுபடும். எண்ணெய் கறுக்காவிட்டாலும் காலத்துக்குக் காலம் மாற்றவேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி, மெல்லிய எண்ணெயால் வரும் தீங்கு யாது? சுழலும் தண்டுக்கும் அதனைத் தாங்கும் பெயரிங்குக்கும் இடையே ஓரங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்கோ இரண்டு பங்கோ மட்டுமே இடைவெளி உண்டு. அவ்விடைவெளியில் எண்ணெய் ஒரு படலமாய் நின்று இரும்பை இரும்பு தொடாமற் காக்கின்றது. பழைய எஞ்சினின் இடைவெளிகள் தேய்மானத்தால் இன்னும் அகன்றிருக்கும். இக்கால எஞ்சின்களுக்கென ஆக்கப்பட்ட மெல்லிய எண்ணெய் அங்கே நிற்காமல் ஒழுகிவிடும். அன்றியும் அந்த எஞ்சினின் பின்புறத்தில் எண்ணெயைத் தடுப்பது றப்பர் வளையமன்று. தண்டிலே வெட்டப்பட்ட ஒரு புரியே எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்புகின்றது. மெல்லிய எண்ணெய்க்கு அது போதாது.

அப்படியானால் 60ஐ விட்டால் என்ன? இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். அமுக்கமானி காட்டுவது எவ்வளவு எண்ணெய் ஓடுகின்றது என்பதையன்று. எவ்வளவு தடை இருக்கின்றது என்பதையே. காலையில் குளிர்ந்த எஞ்சினில் தடித்த எண்ணெய் அசைய மறுக்கும். முள் வானளாவ நிற்கும். மேலேயுள்ள வால்வுப் பகுதியோ எண்ணெய் வராமல் வறண்டு தேயும். தேய்ந்த பெயரிங்கைத் தடித்த எண்ணெயால் மறைப்பது, நோயை அறியாமல் காய்ச்சலை மட்டும் இறக்கி வைப்பதற்கு ஒப்பானது.

வேறொன்றும் உண்டு. இந்த எஞ்சினில் வால்வை உயர்த்தும் உறுப்பு தண்டின் மேட்டில் உருளுவதில்லை, உராய்கின்றது. அவ்வுராய்விலிருந்து காப்பதற்காகத் துத்தநாகமும் பொசுபரசும் சேர்ந்த ஒரு சேர்வையை எண்ணெயிற் கலப்பர். பொசுபரசு இக்காலக் கார்களின் புகைச் சுத்திகரிப்பானைக் கெடுக்கும் என்பதால், 2004இல் வந்த எஸ்.எம். என்னும் தரத்திலிருந்து, மெல்லிய வகைகளில் அதன் அளவு நூற்றுக்கு 0.08க்கு மேற்படலாகாது எனக் கட்டுப்படுத்தினர். 20டபிள்யூ-50 போன்ற தடித்த வகைகளுக்கு அக்கட்டுப்பாடு இல்லை. ஆகவே பழைய காருக்குத் தடிப்பை மட்டும் பார்த்தாற் போதாது. அதனுள் என்ன கலந்திருக்கின்றது என்பதையும் போத்தலில் வாசித்தல் வேண்டும்.

இவ்வளவையும் தம்பிக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, என் நினைவு வேறோரிடத்தில் நின்றது. என் ஐயா ஒரு மொறிஸ் மைனரை வாடகைக்கு ஓட்டியே எங்களைப் படிப்பித்தார். 1990இல் போர் மீண்டும் மூண்ட பின்னர் வடக்கே பெற்றோல் வருவது தடைப்பட்டது. சில துளி பெற்றோலில் எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரனின் ஓரமாய் வழிந்து எஞ்சின் எண்ணெயில் கலந்துவிடும். 40ஆக விட்ட எண்ணெய் சில நாட்களில் 20ஆகி, அதனிலும் நீர்த்துப்போகும். ஐயா நாள்தோறும் அளவுகோலை இழுத்து மணந்து பார்ப்பார். எண்ணெயின் மட்டம் ஏறியிருந்தால் நாங்கள் மகிழ்வோம். அவர் முகம் வாடும். ஏறியது எண்ணெயன்று என்பதை அவர் அறிவார்.

ஒருநாள் இரவு அயலிலே ஒரு பெண்ணுக்குப் பிள்ளைப்பேற்று நோவு கண்டது. அளவுகோலில் மண்ணெண்ணெய் நெடி அடித்தது. மாற்றுவதற்கு எண்ணெய் இல்லை. ஐயா அளவுகோலை ஒருமுறை துடைத்துவிட்டு ஏறி அமர்ந்தார். ஆஸ்பத்திரி வாசலை அடையும்போதே கீழிருந்து தட்டும் ஓசை கேட்டதாம். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்; எஞ்சின் பிழைக்கவில்லை. தண்டு கீறுண்டு போயிற்று. புதுப் பெயரிங்குக்கு வழியில்லை. அதன்பின் அந்தக் கார் மாமரத்தின் கீழே நின்றது. ஐயா அதைப்பற்றிக் குறைகூறியதை நான் கேட்டதில்லை. ஆனால் எண்ணெய் என்பது ஒரு சிறிய காரியம் என்று எவராவது சொன்னால், அவர் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுவார்.

தம்பிக்கு நான் கூறிய விடை இதுதான்: "இருக்கிற எண்ணெயை முழுதும் வடித்து, வடிகட்டியையும் மாற்று. துத்தநாகச் சேர்வை போதிய அளவு உள்ள, பழைய கார்களுக்கென்றே விற்கப்படும் 20டபிள்யூ-50ஐ விடு. வடிகட்டியோடு ஏறக்குறைய 3.7 லீற்றர் பிடிக்கும். இருபது மைல் ஓட்டிச் சூடேற்றியபின் முள்ளைப் பார். ஓட்டத்தில் 40க்கு மேலும் நின்ற நிலையில் 15 அளவிலும் நின்றால் ஆறுதலாக இரு. நில்லாவிட்டால் 60ஐத் தேடாதே. அடித்தட்டைக் கழற்றிப் பெயரிங்கைப் பார்."

இரண்டு வாரங்களில் மறுபடி அழைத்தான். ஓட்டத்தில் முள் ஏறியது. நின்ற நிலையில் மட்டும் 10ஐத் தாண்டவில்லை. அடித்தட்டைக் கழற்றினான். பிஸ்ரன் கோல்களின் பெயரிங்குகள் செம்பு தெரியுமளவுக்குத் தேய்ந்திருந்தன. தண்டிலோ ஒரு கீறலும் இல்லை. புதியவற்றைக் கீழிருந்தபடியே பூட்டிவிட்டார்கள். அதன் செலவு, எஞ்சினைப் பிரித்துத் திருத்துவதில் ஒரு சிறு பங்கே. மெல்லிய எண்ணெய் ஒருவகையில் அவனுக்கு நன்மையே செய்தது; நோயை மறைக்காமற் காட்டிற்று.

பழைய கார் வைத்திருப்போர் நினைவில் வைக்கவேண்டியவை சில. நம் நாட்டின் வெப்பத்தில் முதல் இலக்கம் பெரிய காரியமன்று. 20டபிள்யூ என்பது பூச்சியத்துக்குக் கீழே 15 பாகையிலும் எஞ்சினைச் சுழலவிடும் தரம். நாம் பார்க்கவேண்டியது இரண்டாம் இலக்கத்தையே. மூவாயிரம் மைலுக்கு ஒருமுறை, குறைய ஓடுவதாயின் வருடத்துக்கு ஒருமுறையேனும் எண்ணெயை மாற்றுதல் வேண்டும். ஓடாது நிற்கும் காரின் எண்ணெயிலும் நீரும் அமிலமும் சேரும். நீரின் வெப்பமானி ஏறியதும் எண்ணெயும் சூடேறிவிட்டது என்று எண்ணலாகாது. அதற்கு இன்னும் சில மைல்கள் வேண்டும். அதுவரை எஞ்சினை விரட்டாதிருத்தல் நன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, காலையில் அளவுகோலை இழுத்துப் பார்க்கும் வழக்கத்தைக் கைவிடலாகாது.

கடைசியாகத் தம்பி ஒன்று சொன்னான். இப்போது அவனும் அளவுகோலை இழுத்தால் துடைப்பதற்கு முன் ஒருமுறை மணந்து பார்க்கிறானாம். இலண்டனில் மண்ணெண்ணெய் கலக்க வழியில்லையே என்று நான் கேட்டேன். "தெரியும் அண்ணை, பெரியப்பா செய்தவர், அதுதான்" என்றான்.