கொட்டகையில் ஒரு கிழட்டு ஜீப்

உங்கள் வீட்டுக் கொட்டகையில் பழைய ஜீப் ஒன்று நிற்கிறதா? இல்லையென்றால் பாக்கியசாலி நீங்கள். பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குப் போய்விடலாம். நிற்கிறது என்றால் கொஞ்ச நேரம் இங்கே உட்காருங்கள். என்றாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை, காப்பி குடித்துக்கொண்டே உங்கள் வீட்டுக்காரர், "அப்பாவுடைய ஜீப்பை நாமே பிரித்துச் சரிபண்ணிவிட்டால் என்ன?" என்று ஆரம்பிக்கத்தான் போகிறார்.

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். மாமனார் தோப்புக்கும் சந்தைக்கும் ஓட்டிய ஜீப்பாம். அவர் காலமான நாளிலிருந்து அது நகரவில்லை. கணவருக்கு அதைப் புதுப்பிக்க ஆசை; கொழுந்தனாருக்கு விற்க ஆசை; மாமியார் வாயே திறப்பதில்லை. பெண்ணின் காலேஜ் படிப்புக்குச் சேர்த்துவைத்த பணத்தில் ஜீப் கை வைத்துவிடுமோ என்று இவருக்குப் பயம். "நான் என்ன சொல்லட்டும்?" என்கிறார்.

சொல்லுவதற்கு முன்னால் அந்தக் கிழவரின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டாமா?

1940-ல், ஐரோப்பாவில் யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம், காடு மேடெல்லாம் ஓடக்கூடிய சின்ன வண்டி ஒன்று வேண்டுமென்று அமெரிக்க ராணுவம் கம்பெனிகளைக் கேட்டது. அமெரிக்கன் பான்டம் என்ற சிறிய கம்பெனி, 49 நாள் கெடுவுக்குள் முதல் வண்டியைச் செய்து கொண்டுவந்து நிறுத்தியது. பெரிய ஆர்டரோ வில்லிஸ்-ஓவர்லாண்ட் கம்பெனிக்கும் ஃபோர்டு கம்பெனிக்கும் போயிற்று. உலகம் இப்படித்தான்! அவ்விருவரும் யுத்தம் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கு மேல் செய்து தள்ளினார்கள்.

நம் தேசத்துக் கதை இன்னும் சுவாரசியம். 1945-ல் லூதியானாவில் மஹிந்திரா சகோதரர்களும் குலாம் முகம்மது என்பவரும் கூட்டாக எஃகு வியாபாரம் தொடங்கினார்கள். பிரிவினைக்குப் பிறகு குலாம் முகம்மது பாகிஸ்தானின் முதல் நிதி மந்திரியாகப் போய்விட்டார். 1948-ல் கம்பெனி, மஹிந்திரா அண்ட் மஹிந்திரா என்று பெயர் மாற்றிக்கொண்டது. வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை வரவழைத்துப் பம்பாயில் பூட்ட ஆரம்பித்தவர்கள் இவர்கள்தாம்.

உங்கள் ஜீப்பின் பானட் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உயரமாக இருக்கிறதா? அப்படியானால் அது 1953-ல் அமெரிக்காவில் வெளிவந்த சி.ஜே. 3பி மாதிரியைச் சேர்ந்தது. காற்றையும் பெட்ரோலையும் உள்ளே விடும் வால்வுகளை என்ஜினின் தலையில் கொண்டுபோய் வைத்தார்கள்; என்ஜின் உயர்ந்தது; பானட்டையும் உயர்த்த வேண்டியதாயிற்று. முன்பக்கத்து ஜன்னல் கோடுகளையும் எண்ணிப் பாருங்கள். யுத்த கால ஜீப்புக்குப் பெரும்பாலும் ஒன்பது. பிற்பாடு ஜனங்களுக்கென்று செய்ததற்கு ஏழு. நடுவில் எந்தப் பட்டறைக்காரராவது முகத்தையே மாற்றியிருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை அடைத்துக்கொண்டு மலையேறுகிற ஜீப்புகளைப் பார்த்தவர்கள், இது லேசில் சாகிற ஜாதி அல்ல என்பதை அறிவார்கள். அக்கு அக்காகக் கழற்றலாம், திரும்பப் பூட்டலாம். கிடைக்காத பாகத்தைச் சென்னைப் புதுப்பேட்டையில் தேடலாம். அங்கும் இல்லையென்றால் கோயமுத்தூர் லேத் பட்டறையில் கடைந்து வாங்கலாம். வீட்டிலேயே செய்யும் தைரியம் நம் ஆண்பிள்ளைகளுக்கு வருவது இதனால்தான்.

கழற்றுவது சுலபம், அம்மணி. ஒரு வாரத்தில் கழற்றிவிடலாம். பிறகு ஆபீசில் வேலை அதிகமாகும், மழைக்காலம் வரும், கல்யாணம் கார்த்திகை வரும். ஜீப் நாலு திசையிலும் கிடக்கும். பாதியில் நின்ற வண்டி எத்தனையோ பார்த்திருக்கிறேன். முழுசாக நின்றால் கிடைக்கிற விலையில் அரைப் பங்குகூட அதற்குக் கிடைக்காது. ஆகையால் முதல் ஸ்பானரை எடுக்கும் முன்பே கணக்குப் போடச் சொல்லுங்கள். மெக்கானிக் சொல்லும் தொகையோடு அதில் பாதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். காலத்தை இரண்டால் பெருக்குங்கள். அந்தப் பணம் தனியாக ஒரு கணக்கில் இருக்கட்டும். அது தீர்ந்தால் வேலை நிற்கும், பெண்ணின் படிப்புப் பணத்தை யாரும் தொடுவதில்லை என்று ஆரம்பத்திலேயே பேசி முடித்துவிடுங்கள். இதற்குச் சம்மதமில்லை என்றால், கொழுந்தனார் சொல்வதே சரி: முழு வண்டியாக, அக்கறையுள்ள ஒருவர் கையில் கொடுத்துவிடுவது மேல்.

அந்தக் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது மாமியாரின் மௌனம்தான். கோயமுத்தூரில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இப்படித்தான் ஒரு ஜீப்பைப் பிரித்தார்கள். டாஷ்போர்டில், டிரைவருக்குப் பக்கத்து ஆசனத்தின் எதிரே, பட்டறையில் வளைத்துப் பற்றவைத்த இரும்புக் கைப்பிடி ஒன்று இருந்தது. "இது கம்பெனி சாமான் இல்லை" என்று அறுத்து எடுத்துப் பழைய இரும்போடு போட்டுவிட்டார்கள். பத்து மாதம் கழித்து வண்டி பளபளவென்று வந்து நின்றது. பாட்டியம்மாளை ஏற்றி உட்கார வைத்தார்கள். அவர் கை தானாகவே நீண்டு, டாஷ்போர்டின் மேல் தடவித் தடவி எதையோ தேடிற்று. "இங்கே ஒரு பிடி இருக்குமே, கண்ணு?" என்றார். மடியில் ஒரு குழந்தையும் வயிற்றில் ஒன்றுமாக அவர் முப்பது வருஷம் பிடித்துக்கொண்டு போன பிடி அது. மகன் பழைய இரும்புக் கடைக்கு ஓடினான். அது என்றைக்கோ உருக்குப் போய்விட்டது.

பொள்ளாச்சிச் சகோதரியே, எதையும் கழற்றும் முன்பு உங்கள் மாமியாரை அழைத்துக்கொண்டுபோய் ஜீப்பின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று கேளுங்கள். விற்கத்தான் போகிறீர்கள் என்றாலும் கேளுங்கள்.

சரி, வேலை ஆரம்பமாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஊறுகாய் ஜாடிக்கு மாதமும் வருஷமும் எழுதி ஒட்டுகிறீர்கள் அல்லவா? அதே வேலைதான் இங்கும். கழற்றும் ஒவ்வொரு நட்டும் போல்ட்டும், எந்த இடத்தது என்று எழுதிய டப்பாவுக்குள் போக வேண்டும். கழற்றுமுன் ஒரு போட்டோ, கழற்றியபின் ஒரு போட்டோ. இப்போது யார் கையில்தான் காமிராப் போன் இல்லை? வருஷக்கணக்கில் நின்ற என்ஜினை உடனே ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசையை அடக்கச் சொல்லுங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் எண்ணெய் விட்டுச் சில நாள் ஊறவைத்து, பிறகு கையால் மெள்ளச் சுற்றிப் பார்க்க வேண்டும். அவசரப்பட்டால் துருப்பிடித்த சிலிண்டர் கீறிப் போகும்.

வர்ணத்தைப் பற்றித்தான் வீட்டில் முதல் சண்டை வரும். பச்சையா, சிவப்பா? அது கடைசி வேலை. முதல் பணம் பிரேக்குக்குப் போக வேண்டும். இன்றைய கார்களில் பிரேக் எண்ணெய் இரண்டு தனி வழிகளில் போகிறது. ஒன்று ஒழுகினால் மற்றது காப்பாற்றும். பழைய ஜீப்பில் ஒரே வழிதான். ஒரு சக்கரத்தில் ஒழுகினால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. நின்றுபோன வண்டியின் பிரேக் எண்ணெய் ஈரத்தை இழுத்துக்கொண்டு, உள்ளே துருவேற்றி வைத்திருக்கும். ஆகையால் மாஸ்டர் சிலிண்டர், சக்கரத்துச் சிலிண்டர்கள், குழாய்கள் எல்லாமே புதிது போடட்டும். கை பிரேக்கை நம்பலாமே என்பீர்கள். அது சக்கரங்களைப் பிடிப்பதில்லை. கியர்ப் பெட்டிக்குப் பின்னால், பின்சக்கரங்களுக்குப் போகிற தண்டைப் பிடிக்கிறது. அங்கே எண்ணெய் கசிந்திருந்தால் சரிவில் வண்டி தானாக நகரும். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கக்கூடும். அந்தத் தூசியை வாயால் ஊதுவதும் துடைப்பத்தால் பெருக்குவதும் கூடாது. ஈரத்துணியால் துடைத்துத் துணியோடு கட்டி எறிய வேண்டும். குழந்தைகள் அந்தப் பக்கமே வரக் கூடாது.

இன்னொரு சமாசாரம் கேட்டால் திடுக்கிடுவீர்கள். இந்த ஜீப்புகளில் பெட்ரோல் டாங்கி டிரைவர் ஆசனத்துக்கு நேர் அடியில் இருக்கிறது! ஓட்டை விழுந்திருந்தால் வீட்டு வாசலில் வெல்டிங் வைக்க விடாதீர்கள். காலி டாங்கியில் தங்கியிருக்கும் ஆவி வெடிகுண்டுக்குச் சமானம். புது டாங்கி வாங்குவது உத்தமம். இப்போது பங்குகளில் விற்கும் பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் கலந்திருப்பதால், பழைய ரப்பர்க் குழாய்கள் இற்றுப்போகும். அதற்கென்றே தயாரித்த குழாய்களைக் கேட்டு வாங்க வேண்டும். ஜாக்கியை மாத்திரம் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் படுக்க வேண்டாம். செங்கல் அடுக்குவதும் ஆகாது, நொறுங்கிவிடும். இரும்பு ஸ்டாண்டு இரண்டு வாங்கிக் கொடுங்கள். தீபாவளிக்கு வேஷ்டி எடுக்காவிட்டாலும் பாதகமில்லை.

பீரோவைத் திறந்து ஆர்.சி. புத்தகத்தையும் தேடுங்கள். அதில் உள்ள சேஸிஸ் நம்பரும் என்ஜின் நம்பரும் வண்டியில் உள்ளவைதானா? பெட்ரோல் செலவுக்குப் பயந்து டீசல் என்ஜின் மாற்றிய ஜீப்புகள் நம் நாட்டில் ஏராளம். அந்த மாற்றம் புத்தகத்தில் ஏறாவிட்டால் தொல்லை. வண்டி இன்னும் மாமனார் பெயரிலேயே இருந்தால், வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட்டுப் பெயரை மாற்றிய பிறகே பணம் செலவழியுங்கள். கொழுந்தனாருக்கும் அதில் பங்கு உண்டு என்பதை மறக்க வேண்டாம். சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருஷம். அப்புறம் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். பசுமை வரியும் உண்டு. 50 வயது தாண்டிய வண்டிகளுக்கென்று 2021 ஜூலையில் மத்திய சர்க்கார் தனி விதி கொண்டுவந்தது. புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். பத்து வருஷம் செல்லும். ஆனால் உருவத்தையும் என்ஜினையும் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. கண்காட்சி, ஊர்வலம் போன்ற காரியங்களுக்குத்தான் தெருவில் இறக்கலாம். தினம் தோப்புக்குப் போகிறவர்களுக்கு அது பிரயோஜனப்படாது.

ஓடத் தொடங்கியதும் நீங்களும் ஓட்டிப் பாருங்கள். காலடியில் மூன்று கம்பிகள் இருக்கும். பெரியது கியர். மற்ற இரண்டில் ஒன்று முன்சக்கரங்களுக்கும் சக்தி கொடுக்கிறது; இன்னொன்று வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுகிறது. முன்சக்கரக் கம்பியைச் சேற்றிலும் மணலிலும்தான் போட வேண்டும். தார் ரோட்டில் போட்டுத் திருப்பினால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு பல்சக்கரங்கள் பாழாகும்.

முதல் பயணம் காம்பவுண்டுக்குள்ளேயே இருக்கட்டும். அன்று ராத்திரி வண்டிக்கு அடியில் இந்தப் பத்திரிகையின் பழைய இதழ் நாலைந்தை விரித்து வையுங்கள். (புது இதழ் வேண்டாம்!) காலையில் எழுந்ததும் பாருங்கள். நடுவில் கறுப்பாகச் சொட்டியிருந்தால் என்ஜின் எண்ணெய். மெக்கானிக்கிடம் சொன்னால் போதும். சக்கரத்தின் உள்பக்கம் வழவழவென்று ஈரம் தெரிந்தால், அது பிரேக் எண்ணெயாக இருக்கலாம். அன்றைக்குச் சாவியை எடுத்து உங்கள் அஞ்சறைப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.