அச்சு காயும் வரை

1776 ஜூலை 9 அன்று நியூயார்க்கில் சுதந்திரப் பிரகடனத்தை வாசிக்கக் கேட்ட கூட்டம், நேரே போய் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் சிலையைக் கயிறு போட்டுச் சாய்த்தது. தங்க முலாம் பூசிய ஈயச் சிலை அது. துண்டுகள் கனெக்டிகட்டின் லிட்ச்ஃபீல்டு ஊருக்குப் போயின. ஆலிவர் வால்காட் என்பவர் வீட்டில் பெண்களும் பிள்ளைகளும் அவற்றை உருக்கி 42,088 குண்டுகள் வார்த்தார்கள். யார் எத்தனை வார்த்தார் என்ற கணக்குக்கூட இருக்கிறது. மன்னரின் சிலை மன்னரின் படை மீதே பாய்ந்தது.

வீட்டில் குண்டு வார்க்கும் பழக்கத்தை அமெரிக்கர்கள் இன்னும் விடவில்லை. (நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் இதில் கை வைத்தால் சிறைதான்.) 1970களில் அங்கே பத்திரிகைகள் ஈயத்தில் எழுத்து வார்க்கும் லைனோடைப் இயந்திரங்களைக் கைவிட்டபோது, குண்டு வார்ப்பவர்களுக்கு யோகம் அடித்தது. நியூயார்க் டைம்ஸே 1978 ஜூலையில் ஈய அச்சுக்கு விடைகொடுத்தது. ஆன்டிமனியும் வெள்ளீயமும் கலந்த அந்த உலோகம் நன்றாக ஓடும், இறுகினால் கெட்டியாக நிற்கும். நேற்றைய தலையங்கம் இன்று மானைத் துரத்தியது. பத்தி எழுதுகிறவனுக்கு இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். சாதாரண அடுப்பு போதும். ஆகவே புதிதாக இறங்குகிறவர்கள் சட்டியின் சூட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் பாடாய்ப் படுத்துவது குண்டு வார்க்கும் அச்சின் சூடு. காயாத கல்லில் ஊற்றிய முதல் தோசை கதைதான்: ஆறிக் கிடக்கும் அச்சில் ஈயம் மூலைகளுக்குப் போய்ச் சேரும் முன்பே உறைந்து, குண்டின் மேல் சுருக்கம் விழும். அச்சு அளவுக்கு மிஞ்சிக் காய்ந்தாலோ, குண்டு பளபளப்பு இழந்து பனி படிந்ததுபோல் வெளுத்து வரும். அச்சின் வாயில் நிற்கும் ஈயம் உறையவே நேரம் எடுக்கும். அந்த ஈயம் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று கண்ணால் பார்த்தே அனுபவசாலிகள் சூட்டைக் கணித்துவிடுவார்கள். அலுமினிய அச்சு சட்டென்று காயும், சட்டென்று ஆறும். இரும்பு அச்சு சோம்பேறி, ஆனால் ஏறிய சூட்டை விடாது. கை ஓடும் வேகம்தான் இங்கே அடுப்பு. நிறுத்தி நிதானமாக ரசித்துக்கொண்டிருந்தால் அச்சு ஆறிவிடும்.

முனையில் குழி உள்ள குண்டு என்றால் தொல்லை இரட்டிப்பு. குழி விழுவதற்காக அச்சுக்குள் மெல்லிய ஊசி ஒன்று நிற்க வேண்டும். பல அச்சுகளில் ஒவ்வொரு முறையும் அதை வெளியே எடுத்துத்தான் குண்டை உதிர்க்க வேண்டும். அந்த இடைவெளியில் அச்சு சூடாகவே இருக்க, ஊசி மட்டும் ஆறிப்போகும். குண்டின் உடல் வழவழவென்று வரும், மூக்கு மட்டும் சுருங்கியிருக்கும்.

இத்தனை பாடு எதற்கு? குழிமுனை உடலில் பட்டதும் விரியும். மிருகம் அங்கேயே விழும் என்பது வேட்டைக்காரர் வாதம். இந்த விரியும் குண்டுக்கு உலகம் வைத்த பெயர் கல்கத்தா பக்கத்து ஊரின் பெயர். 1890களில் டம்டம் தொழிற்சாலையில் பிரிட்டிஷ் ராணுவம் செய்த குண்டுக்கு முனையில் குழி கிடையாது, உறை நீங்கிய ஈயம் மட்டும்தான், வேலை ஒன்றே. 1899இல் ஹேக் மாநாடு போரில் இவ்வகைக் குண்டுகளைத் தடை செய்தது. எதிரிச் சிப்பாய் மேல் கூடாதென்ற குண்டை அமெரிக்கக் கடையில் வாங்கலாம், அங்கே போலீஸும் இதைத்தான் வைத்திருக்கிறது என்பது எனக்கு இன்றுவரை ஜீரணமாகாத விஷயம்.

ஈயம் குண்டு பாய்ந்த இடத்தோடு நிற்பதில்லை. வேட்டைக்காரர்கள் காட்டில் விட்டுப்போகும் குடலில் ஈயத் துணுக்குகள் இருக்கும். அதைத் தின்ற கலிபோர்னியக் காண்டோர் கழுகுகள் நஞ்சேறிச் செத்தன. 1982இல் மிஞ்சியவை 22 பறவைகள். இனப்பெருக்கம் செய்து அவற்றைக் காட்டில் விட்ட பிறகும் ஈயம்தான் பெரிய எமனாக இருந்தது. கலிபோர்னியா 2013இல் சட்டம் இயற்றி, 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயக்குண்டையே முழுக்கத் தடை செய்துவிட்டது. அங்கே வேட்டைக்குப் போகிறவர்கள் இப்போது செம்புக் குண்டு வாங்குகிறார்கள். செம்பு உருக 1,085 டிகிரி வேண்டும். ஈயம் உருக்கும் சட்டியில் அது நடக்காது.