ஊசிக்காரிக்காக ஆறரை வருஷம்



"தொடரும்" என்ற ஒரு சொல் மனுஷரை என்ன பாடுபடுத்தும் என்பது பத்திரிகை வாசகிகளான நமக்குத் தெரியாததா? 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் 'பொன்னியின் செல்வன்' வந்துகொண்டிருந்த காலத்தில், இதழ் வருகிற நாளன்று வீட்டில் யார் முதலில் படிப்பது என்று சண்டையே நடக்கும் என்று என் பாட்டி சொல்வார். அடுத்த வாரம் வரை வந்தியத்தேவனுக்கு என்ன ஆகுமோ என்று அடுப்படியிலும் கிணற்றடியிலும் இதே பேச்சாம்!

அந்த ஆவல்தான் இன்றைக்கு நம் பிள்ளைகளுக்கு வீடியோ கேம் மீது வந்திருக்கிறது. ஒரு விளையாட்டு மனசுக்குப் பிடித்துப்போனால் அதன் அடுத்த பாகம் எப்போது வரும் என்று நாள் எண்ண ஆரம்பித்துவிடுகிறார்கள். "இதுக்குப் போயா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று நாம் அலுத்துக்கொள்கிறோம். ஆனால், காத்திருப்பதால் எந்தப் பிள்ளையும் கெட்டுப்போவதில்லை. பதிலே சொல்லாமல் காக்கவைத்தால்தான் மனசு கெட்டுப்போகிறது. இதை எனக்கு நன்றாக விளங்கவைத்தது ஒரு விளையாட்டின் கதை. அதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

ஆஸ்திரேலியாவில் அடிலெய்ட் என்று ஒரு நகரம். அங்கே அரி கிப்சன், வில்லியம் பெல்லன் என்ற இரண்டு நண்பர்கள் 'டீம் செர்ரி' என்ற பெயரில் ஒரு விளையாட்டு செய்ய நினைத்தார்கள். கையில் பணம் இல்லை. 2014இல் பொதுமக்களிடம் 35,000 ஆஸ்திரேலிய டாலர் கேட்டார்கள்; 57,000க்கும் மேல் சேர்ந்தது. அதை வைத்து 2017 பிப்ரவரியில் 'ஹாலோ நைட்' வெளிவந்தது. பூச்சிகள் வாழ்ந்து அழிந்துபோன ஒரு பாதாள ராஜ்ஜியத்தில், ஆணியை வாளாக ஏந்திய குட்டி வீரன் ஒருவன் இறங்கிப் போகிற கதை. படங்கள் எல்லாம் கையால் வரைந்தவை. நாளடைவில் ஒன்றரைக் கோடிப் பிரதிகள் விற்றன.

பணம் கேட்டபோதே அவர்கள் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்கள். இன்னொரு பாத்திரமாகவும் விளையாட வழி செய்கிறோம் என்று. 'ஹார்னெட்' என்று பெயர். குளவி என்று அர்த்தம். சிவப்பு அங்கி போட்ட பெண். அவளுடைய ஆயுதம் என்ன தெரியுமா? ஊசியும் பட்டு நூலும்! ஊசியால் சண்டை போடுவாள். காயம் பட்டால் பட்டு நூலால் தன்னைத்தானே ஆற்றிக்கொள்வாள். தையல் தெரிந்த நமக்கு இவளைப் பிடிக்காமல் போகுமா?

ஒரு பொரியல் கூடச் செய்யலாம் என்று உட்கார்ந்தவர்கள் கல்யாணச் சமையலே செய்துவிட்ட மாதிரி, அந்தச் சின்ன இணைப்பு வளர்ந்து வளர்ந்து தனி விளையாட்டாகவே ஆகிவிட்டது. 'சில்க்சாங்', அதாவது பட்டின் பாட்டு என்று பெயர் வைத்து 2019 பிப்ரவரி 14 அன்று அறிவித்தார்கள். அப்போது என் மகன் ஐந்தாம் வகுப்பு.

அன்றைக்கு ஆரம்பித்தது காத்திருப்பு. 2022 ஜூனில் ஒரு விழாவில் காட்டினார்கள். இங்கே காட்டுவதெல்லாம் இன்னும் பன்னிரண்டு மாதத்துக்குள் கைக்கு வந்துவிடும் என்று விழா நடத்தியவர்கள் சொன்னார்கள். ஆனால் 2023 மே மாதம், இன்னும் நாளாகும் என்று செய்தி வந்தது. பிறகு மறுபடியும் மௌனம். உலகம் முழுக்க ரசிகர்கள் தவித்தார்கள். ஒருவர் 2021இலிருந்து தினமும் ஒரு சின்ன வீடியோ போட்டு, "இன்றைக்கும் செய்தி எதுவும் இல்லை" என்று சொல்வதையே வழக்கமாக வைத்துக்கொண்டார்! ஒவ்வொரு விழாவுக்கும் நம்பிக் காத்திருந்து ஏமாந்தவர்கள், சர்க்கஸ் கோமாளி வேஷம் போட்ட படங்களைப் போட்டுத் தங்களைத் தாங்களே கேலி செய்துகொண்டார்கள். கேலி ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். "கைவிட்டுட்டாங்க போலிருக்கு," "பணத்தைச் சுருட்டிக்கிட்டு தூங்குறாங்க" என்றெல்லாம் பேச்சு.

என் மாமியார் ஒருநாள், "யாருக்காகடா இப்படி மோட்டுவளையைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கே?" என்று கேட்டார். "ஊசி வச்சுக்கிட்டு சண்டை போடுற ஒரு பொண்ணுக்காக, பாட்டி" என்றான் இவன். "வரட்டும், வரட்டும். என் ரவிக்கைக்கு ஊக்குப் பட்டி தைக்கணும்" என்றார் அத்தை!

சரி, அந்த இரண்டு பேரும் ஆறரை வருஷம் என்னதான் செய்தார்கள்? 2025 ஆகஸ்டில் ஒரு பேட்டியில் சொன்னார்கள். வேலை எந்த இடத்திலும் நின்றுபோகவில்லையாம். ஆட்கள் குறைவு, செய்ய ஆசைப்பட்டதோ அதிகம், செய்வதிலும் அத்தனை சந்தோஷம். அதனால்தான் இத்தனை நாள். கிப்சன் ஒரு கட்டத்தில் புதுசாகப் படம் வரைவதையே நிறுத்திக்கொள்ள வேண்டியிருந்ததாம். வரைந்ததையெல்லாம் உள்ளே சேர்க்கத் தோன்றுமே, அப்புறம் எப்போது முடிப்பது?

அதாவது, அவர்கள் உள்ளே ஆனந்தமாக உழைத்துக்கொண்டிருந்தார்கள்; வெளியே காத்திருந்தவர்கள் ஏதோ விபரீதம் என்று கலங்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் இருந்தது ஒரு மூடின கதவு. இடையிடையே கதவைத் திறந்து "சமையல் நடக்குது, நாளாகும்" என்று சொல்லியிருந்தால் பாதிக் கோபம் தணிந்திருக்கும்.

இங்கேதான் நம் வீட்டுக் கதை வருகிறது. பிள்ளைகள் எதையாவது கேட்டால் நாம் சொல்கிற பதில் என்ன? "பார்க்கலாம்." சைக்கிள் கேட்டால் பார்க்கலாம், சுற்றுலா கேட்டால் பார்க்கலாம். இல்லை என்று சொன்னால் அழுவான், சரி என்று சொன்னால் செலவு. ஆகவே பார்க்கலாம்! நம் மனசுக்குள் "பொங்கல் போனஸ் வந்ததும் வாங்கித்தரணும்" என்ற கணக்கு இருக்கும். அது அவனுக்குத் தெரியாது. அவனைப் பொறுத்தவரை அம்மாவும் ஒரு மூடின கதவுதான். நாள் சொல்லுங்கள், நாள் சொல்ல முடியாவிட்டால் காரணத்தைச் சொல்லுங்கள், முடியாது என்றால் முடியாது என்றே சொல்லிவிடுங்கள். குழந்தைகள் நாம் நினைப்பதைவிடப் பொறுமைசாலிகள்.

கடைசியில் 2025 ஆகஸ்ட் 21 அன்று, செப்டம்பர் 4இல் வருகிறது என்று அறிவித்தார்கள். "அம்மா! டேட் சொல்லிட்டாங்கம்மா!" என்று மொட்டைமாடியிலிருந்து ஒரே ஓட்டமாக வந்தான் பையன். ஐந்தாம் வகுப்பில் காத்திருக்க ஆரம்பித்தவன் இப்போது பிளஸ் டூ. அரும்பு மீசை வந்துவிட்டது. காலாண்டுப் பரீட்சை வேறு கழுத்தைப் பிடிக்கிறது! என் வீட்டுக்காரர், "பரீட்சை முடியறவரைக்கும் அந்தப் பேச்சே கூடாது" என்றார். ஆறரை வருஷம் காத்திருந்த பிள்ளையிடம் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படிப்பு கெடுவதிலும் எனக்குச் சம்மதம் இல்லை.

அன்று ராத்திரியே அவனை உட்காரவைத்துப் பேசினேன். "நீயே சொல்லுடா கண்ணா, எப்படி வச்சுக்கலாம்?" என்றேன். அவனே சொன்னான். வெளிவருகிற அன்று சாயங்காலம் இரண்டு மணி நேரம். மறுநாள் மிலாது நபி விடுமுறை. அன்று மூன்று மணி நேரம். அப்புறம் பரீட்சை முடிகிற வரை தொடுவதில்லை. அதைச் சமையலறை நாள்காட்டியில் அவன் கையாலேயே எழுதவைத்தேன். அவன் அப்பாவும் கையெழுத்துப் போட்டார்.

செப்டம்பர் 4, நம் நேரப்படி சாயங்காலம் ஏழரை மணி. விமர்சகர்களுக்குக்கூட முன்கூட்டித் தரவில்லை. உலகத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தான். இணையத்தில் விற்கிற பெரிய கடைகளே கூட்டம் தாங்காமல் திணறின. 'ஸ்டீம்' என்ற ஒரு கடை வழியாக மட்டும் ஒரே சமயத்தில் 5 லட்சம் பேருக்கு மேல் விளையாடினார்கள். கூட்டத்தில் நசுங்க வேண்டாம் என்று வேறு சில சிறிய கம்பெனிகள் தங்கள் விளையாட்டுகளின் தேதியைத் தள்ளிவைத்திருந்தன. விலையோ 20 டாலர்தான். பெரிய கம்பெனிகள் 70 டாலர் வாங்குகிற காலத்தில்!

முதல் நாள் இரண்டு மணி நேரம் கண் மூடித் திறப்பதற்குள் ஓடிவிட்டது. "அம்மா, இன்னும் பத்தே நிமிஷம்மா" என்றான். நான் ஒன்றும் பேசவில்லை, நாள்காட்டியைப் பார்த்தேன். அவனும் பார்த்தான். மூடிவிட்டான். விடுமுறை நாள் கணக்கும் முடிந்ததும் சார்ஜரைத் தானே கொண்டுவந்து என் பீரோவில் வைத்தான். நாம் போட்ட சட்டம் என்றால் மீறத் தோன்றும். தானே எழுதினது என்றால் காப்பாற்றத் தோன்றும்.

விளையாட்டு ரொம்பக் கஷ்டம் என்று பலரும் முறையிட்டு, சில நாட்களிலேயே ஆரம்பத்துச் சண்டைகள் சிலவற்றைக் கொஞ்சம் எளிதாக்கினார்கள். அப்படியும் பரீட்சைக்குப் பிறகு என் மகன் ஒரே எதிரியிடம் இருபது முறைக்கு மேல் தோற்றான். இருபத்தோராவது தடவையும் எழுந்து போனான்!

உங்கள் வீட்டிலும் ஏதாவது ஒரு இரண்டாம் பாகத்துக்காக யாராவது காத்திருக்கலாம். அவர்களுக்காகச் சில யோசனைகள்:

முதலாவது, என்ன விளையாட்டு என்று தெரிந்துகொள்ளுங்கள். எல்லாம் ஒன்றல்ல. 'ஹாலோ நைட்' அமெரிக்க மதிப்பீட்டில் 10 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' என்று இன்னொன்று. அதன் ஐந்தாம் பாகம் 2013இல் வந்தது. ஆறாவதை 2025இல் என்று சொல்லி, பிறகு 2026 மே 26க்குத் தள்ளி, 2025 நவம்பரில் மறுபடியும் 2026 நவம்பர் 19க்குத் தள்ளினார்கள். அதற்காகக் காத்திருக்கும் பையன்கள் ஏராளம். ஆனால் அந்த ஐந்தாம் பாகமே அமெரிக்காவில் 17 வயதுக்கும் ஐரோப்பாவில் 18 வயதுக்கும் மேற்பட்டவர்களுக்கு என்று முத்திரை பெற்றது. எட்டாம் வகுப்புப் பையன் கேட்டால் "பார்க்கலாம்" வேண்டாம். "இது உன் வயசுக்கு இல்லை" என்று காரணத்தோடு சொல்லுங்கள்.

இரண்டாவது, "வெளிவருவதற்கு முன்பே இலவசம்" என்று ஆசை காட்டும் இணைப்புகளைத் தொடவே கூடாது. கணினியில் கிருமி புகும். வங்கிக் கணக்கும் பறிபோகலாம்.

மூன்றாவது, உடம்பு. 20 நிமிஷத்துக்கு ஒரு தரம், 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது 20 விநாடி பார்க்கச் சொல்லுங்கள், கண்ணுக்கு இதம். பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வயது வரை ராத்திரி 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். அது எந்த ஒப்பந்தத்திலும் குறையக் கூடாது.

நான்காவது, காத்திருக்கும் காலத்தையும் பயன்படுத்துங்கள். என் மகன் அந்த ஹார்னெட்டை வரைந்து வரைந்தே ஓவியம் பழகினான். ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய ஊசிக்காரிதான்! முதல் பக்கத்தில் தீக்குச்சிக்குத் துணி சுற்றினது போல இருக்கிறாள். கடைசிப் பக்கத்தில் அங்கி காற்றில் பறக்க நிமிர்ந்து நிற்கிறாள். அந்த நோட்டை மட்டும் பழைய பேப்பர்காரருக்குப் போடாமல் எடுத்துவைத்திருக்கிறேன்.

அடுத்த இதழில் சந்திப்போமா?