சறுக்கும் மலை, சரியும் ஊர்

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே புனேவில் ஒரு கூட்டம் சிம்ஹகட் கோட்டைக்குக் கிளம்பிவிடும். நகரிலிருந்து சுமார் 30 கி.மீ. தூரம், 1,312 மீட்டர் உயரம். ஏறி முடித்ததும் பிட்லா-பாக்ரி, மண்சட்டித் தயிர், பிறகு இறக்கம், வீடு, குளியல். சஹ்யாத்ரியில் இப்படி ஏறிப் பழகியவர்களுக்கு ஒரு கட்டத்தில் கறுப்புப் பாறை அலுத்துவிடுகிறது. மகாராஷ்டிரத்தின் ஆக உயர்ந்த சிகரமான கல்சுபாயே 1,646 மீட்டர்தான். அங்கே மேகம் இறங்கும், பனி பொழியாது. ஆகவே டிசம்பர் பிறந்தால் பார்வை வடக்கே திரும்புகிறது.

புனேவின் மலையேற்ற சங்கங்களுக்கு இமயமலை புதிதல்ல. கிரிப்ரேமி அமைப்பின் அணி 2012இல் எவரெஸ்ட் உச்சியையே தொட்டது. ஆனால் எவரெஸ்ட்டுக்கெல்லாம் ஆசைப்படாமல், பனியில் நாலு நாள் சறுக்கிப் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு வேறு இடம் இருக்கிறது: உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில் உள்ள அவுலி. ஆங்கில எழுத்தைப் பார்த்து இதை 'ஆலி' என்று படித்தாலும் பாதகமில்லை. தமிழில் ஆலி என்றால் ஆலங்கட்டி.

போய்ச் சேருவது சுலபமல்ல. புனேவிலிருந்து ஜீலம் எக்ஸ்பிரஸில் ஏறினால் டெல்லி போகவே ஒரு பகலும் ஓர் இரவும் ஆகும். பிறகு ரிஷிகேஷ். அங்கிருந்து அலகநந்தாவை ஒட்டிச் சுமார் 250 கி.மீ. மலைப்பாதை. தேவபிரயாகை, ருத்ரபிரயாகை, கர்ணபிரயாகை, நந்தபிரயாகை என்று ஒவ்வொரு சங்கமமாகக் கடந்து மாலையில் ஜோஷிமத். 2024இல் இதன் பெயர் அதிகாரபூர்வமாக ஜோதிர்மத் என்று மாற்றப்பட்டது. ஆனாலும் பழைய பெயர் நாக்கை விட்டுப் போகவில்லை. அதற்கு மேலே சுமார் 15 கி.மீ. ஏறினால் அவுலி.

கடல்மட்டத்திலிருந்து 2,500 மீட்டரில் தொடங்கி 3,050 மீட்டர் வரை பரந்த புல்வெளிச் சரிவு அது. கோடையில் ஆடுமாடு மேயும் நிலம். கட்வாலிகள் இத்தகைய வெளியை 'புக்யால்' என்கிறார்கள். குளிர்காலத்தில் அதன் மேல் பனி மூடிவிட்டால் சறுக்குத் தளம் தயார். சுற்றிலும் ஓக், தேவதாரு. எதிரே 7,816 மீட்டர் நந்தாதேவி. இந்தக் காட்சிக்காக மட்டும் வந்து, சறுக்குப் பலகையைக் காலில் மாட்டாமலே திரும்புகிறவர்கள்தான் அதிகம். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

மாட்டுகிறவர்கள் பாடு கொஞ்சம் திண்டாட்டம். பூட்ஸ் கணுக்காலை அசையவிடாது. கழுத்தில் கட்டிய பலகைபோல ஆளுயரத்துக்கு இரண்டு பட்டைகள் கால்களில். முதல் நாள் பாடம் விழுவதும் எழுவதும்தான். அடுத்தது நிற்பது: முன்முனைகளை நெருக்கி, பின்முனைகளை அகட்டி, உள்விளிம்பால் பனியை அழுத்த வேண்டும். பார்க்க ஏர்க்கொழு மாதிரி இருக்கும். பெயரும் அதுதான், பனி ஏர். சிம்ஹகட்டை ஒன்றரை மணி நேரத்தில் ஏறிக் காட்டும் வீரர்களும் இங்கே ஆறு வயது உள்ளூர்ப் பையன் பக்கத்தில் சர்ரென்று கடந்து போவதைப் பனியில் உட்கார்ந்தபடியேதான் பார்க்கிறார்கள். முறையாகக் கற்க விரும்புவோருக்கு கட்வால் மண்டல் விகாஸ் நிகம் 7 நாள், 14 நாள் பயிற்சிகள் நடத்துகிறது. இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையின் மலையேற்ற, பனிச்சறுக்குப் பயிற்சிக்கூடமும் இங்கேதான்.

அளவில் பெரிய இடம் என்று சொல்ல முடியாது. ஆல்ப்ஸில் பிரான்ஸின் 'த்ரீ வேலீஸ்' பகுதியில் சறுக்குப் பாதைகளின் மொத்த நீளம் சுமார் 600 கி.மீ. அவுலியின் பெருமைக்குரிய போட்டித் தடம் 1,300 மீட்டர்தான். ஆனாலும் 2011 ஜனவரியில் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளின் பனிச்சறுக்குப் பிரிவு இங்கே நடந்தது. அதற்காக மலைமேல் ஒரு செயற்கை ஏரி வெட்டி, செயற்கைப் பனி தூவும் இயந்திரங்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அந்த இயந்திரத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு: தட்பவெப்பம் உறைநிலைக்குக் கீழே இருந்தால்தான் தூவும் நீர் பனியாகும். குளிர் குறைந்த வருடத்தில் இயந்திரம் இருந்தும் இல்லாததுதான். 2025 ஜனவரி இறுதியில் நடக்கவிருந்த தேசியப் போட்டியைப் பனியில்லை என்று தள்ளிவைக்க வேண்டி வந்தது.

அவுலி தனி ஊரல்ல. அதன் வேர் கீழே ஜோஷிமத்தில் இருக்கிறது. திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி இதுதான் என்பது வைணவ மரபு. ஆதிசங்கரர் பெயரால் விளங்கும் மடமும் இங்கே. பத்ரிநாத் யாத்ரீகர்கள் கோடையில் சோறு போடுகிறார்கள் என்றால், ஜனவரி முதல் மார்ச் வரை போடுவது அவுலி. ஜீப் ஓட்டுகிறவர், பூட்ஸ் வாடகைக்கு விடுகிறவர், கைபிடித்துச் சறுக்கக் கற்றுத்தரும் இளைஞர் எல்லாருக்கும் இதுதான் இரண்டாவது போகம்.

அந்த ஊர் உட்கார்ந்திருக்கும் இடம்தான் வில்லங்கம். பழைய நிலச்சரிவு கொண்டுவந்து கொட்டிய மண்ணும் பாறையும் கலந்த மேட்டின் மேல் ஜோஷிமத் நிற்கிறது. இதைச் சொன்னது ஏதோ நேற்றைய அறிக்கை அல்ல. கட்வால் கமிஷனராக இருந்த எம்.சி. மிஸ்ரா தலைமையிலான குழு 1976இலேயே சொன்னது. கனமான கட்டடம் வேண்டாம், வெடி வைக்க வேண்டாம், மரம் வெட்ட வேண்டாம், கழிவுநீரைச் சரிவில் இறங்க விடாதீர்கள் என்றது. நடந்தது முழுக்க நேர்மாறு. பல மாடி ஹோட்டல்கள் எழுந்தன. பக்கத்தில் தபோவன்-விஷ்ணுகாட் நீர்மின் திட்டத்துக்கு மலையைக் குடைந்தார்கள்.

2023 ஜனவரி முதல் வாரம் வீடுகளில் விரிசல் விரிந்தது. 800க்கும் மேற்பட்ட கட்டடங்கள் பாதிக்கப்பட்டன. ஊர்க்காரர்கள் நீர்மின் சுரங்கத்தைக் கைகாட்டினார்கள், என்.டி.பி.சி. மறுத்தது. 2022 டிசம்பர் 27 முதல் 12 நாளில் மண் 5.4 செ.மீ. இறங்கியதாக இஸ்ரோவின் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. அந்த அறிக்கையைச் சில நாளிலேயே பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டார்கள். மண் இறங்குவது நிற்கவில்லை என்றாலும் செய்தி இறங்குவது நின்றது! ஜோஷிமத்தையும் அவுலியையும் இணைத்த சுமார் 4 கி.மீ. ரோப்வேயையும் அதே மாதம் நிறுத்தினார்கள். 1990களில் அவுலியின் பெயரை நாடு முழுக்கக் கொண்டுபோனது அந்த ரோப்வேதான்.

ஜோஷிமத் நரசிம்மர் கோயிலில் ஒரு நம்பிக்கை உண்டு. மூலவரின் மணிக்கட்டு வருடத்துக்கு வருடம் மெலிந்துவருகிறது. அது முறியும் நாளில் மலைகள் ஒன்றோடொன்று மோதி பத்ரிநாத் வழி அடைபடும் என்பார்கள். 1976 அறிக்கையைப் படிக்காதவர்களுக்கும் இந்தக் கதை தெரியும்.

சுற்றுலாப் பயணியும் இதில் சாட்சி மட்டுமல்ல. 2019 ஜூனில் தென்னாப்பிரிக்க அரசியலில் புயல் கிளப்பிய குப்தா குடும்பம் அவுலி புல்வெளியில் இரண்டு திருமணங்களை நடத்தியது. உயர் நீதிமன்றம் மூன்று கோடி ரூபாய் டெபாசிட் கட்டச் சொன்னது. விருந்து முடிந்து நகராட்சி அள்ளிய குப்பை டன் கணக்கில். அது பணக்காரர் வீட்டு விசேஷம் என்று ஒதுக்கிவிடலாம். சிப்ஸ் பாக்கெட்டும் பாட்டிலும் அங்கே எல்லா வருடமும் மற்றவர்களாலும் விழுகின்றன.

இதற்காகப் போகாமல் இருப்பதா? 2023 குளிர்காலத்தில் பலர் பயணத்தை ரத்து செய்தார்கள். அதில் நஷ்டப்பட்டது சுரங்கம் தோண்டியவர்கள் அல்ல, பூட்ஸ் வாடகைக்காரர். போகலாம். ஆனால் புதிய பல மாடி ஹோட்டலில் அறை தேடுவதற்குப் பதில் உள்ளூர்க் குடும்பம் நடத்தும் தங்கும் வீட்டைத் தேடலாம். பனி விழுந்ததா என்று கிளம்பும் முன் அங்கிருப்பவரிடமே விசாரிப்பது நல்லது. விளம்பரப் படத்தில் எப்போதும் பனி இருக்கும்.

ரிஷிகேஷிலிருந்து கர்ணபிரயாகைக்கு 125 கி.மீ. ரயில் பாதை போடுகிறார்கள். அதில் பெரும்பகுதி சுரங்கம். அது முடிந்தால் புனேக்காரர்கள் கர்ணபிரயாகை வரை ரயிலிலேயே வந்து, மிச்சம் சுமார் 80 கி.மீ. மட்டும் ஜீப்பில் போகலாம். கூட்டம் இன்னும் பெருகும் என்பதில் சந்தேகமில்லை. அத்தனை பேர் குளித்த நீர் எந்தச் சரிவில் இறங்கும் என்பதற்கு 1976இல் கேட்ட அதே கேள்விதான் இன்னும் பாக்கி.