மெரானோ: கலந்த ஊரா, கலக்கப்பட்ட ஊரா?

இத்தாலியின் வடகோடியில், ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே மெரானோ என்று ஓர் ஊர். ஐரோப்பியர்கள் நூற்றைம்பது வருஷங்களுக்கும் மேலாக உடம்பைத் தேற்றிக்கொள்ளப் போகும் இடம். பின்னால் பனிமலை, முன்னால் பனைமரம், நடுவில் பாஸர் ஆறு. 2005-இல் திறந்த பெரிய வெந்நீர்க் குளங்கள் வேறு! காலையில் கப்புச்சினோ, மதியம் ஜெர்மன்காரர்களின் க்னோடல் உருண்டை. பயணக் கையேடுகள் பாடும் பல்லவி ஒன்றுதான்: இத்தாலிய உற்சாகமும் ஆஸ்திரிய ஒழுங்கும் இங்கே இனிதாகக் கலந்திருக்கின்றன என்று.

இனிதாகவா? யார் கலந்தது?

1918 வரை இந்த ஊர் ஆஸ்திரியாவில் இருந்தது. பெயர் மெரான். 1870-இல் பேரரசி எலிசபெத் (அதாங்க, சினிமாவில் வரும் சிஸ்ஸி) ட்ரவுட்மான்ஸ்டார்ஃப் கோட்டையில் வந்து தங்கியதும் ஊரின் பெயர் ஓஹோவென்று பரவியது. முதல் உலகப்போர் முடிந்தது, எல்லைக்கோடு நகர்ந்தது. 1920-இல் காஃப்கா நுரையீரல் நோயோடு வந்து தங்கி மிலேனாவுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினாரே, அதே வருஷம்தான் இத்தாலி இந்தப் பகுதியை முறைப்படி இணைத்துக்கொண்டது. இங்கிருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிறகு வந்தார் முசோலினி. எத்தோரே தொலொமேய் என்பவர் ஏற்கெனவே தயாரித்து வைத்திருந்த பட்டியலின்படி ஊர்ப் பெயர்கள் மாற்றப்பட்டன. ஸ்டெர்ட்ஸிங் என்ற ஊர் ஒரே நாளில் விபித்தேனோ! 1923 முதல் ஜெர்மன் பள்ளிகளை மூடத் தொடங்கினார்கள். கல்லறையில் ஜெர்மனில் எழுதக்கூடத் தடை. செத்தவன் எந்த மொழியில் செத்தால் இவர்களுக்கு என்ன? பெற்றோர்கள் பண்ணை வீடுகளிலும் பரண்களிலும் ரகசியமாகப் பாடம் நடத்த ஏற்பாடு செய்தார்கள். அப்படிச் சொல்லிக் கொடுத்த ஏஞ்சலா நிகொலெட்டி என்ற இளம் ஆசிரியை சிறைக்குப் போனார். 1930-இல் காசநோயால் இறந்தபோது அவருக்கு வயது 25.

1939-இல் ஹிட்லரும் முசோலினியும் கைகுலுக்கினார்கள். ஜெர்மன் பேசுபவர்களுக்கு இரண்டே வழி: ஜெர்மனிக்குப் போ, அல்லது இத்தாலியனாக மாறிவிடு. எண்பது சதவீதத்துக்கு மேல் போகிறோம் என்று கையெழுத்துப் போட்டார்கள், சுமார் 75,000 பேர் போயே விட்டார்கள்.

இவர்களை முழுக்க அப்பாவிகளாக்கிவிடவும் முடியாது. மெரானோவை வைத்திய ஊராக வளர்த்ததில் யூத மருத்துவர்களுக்கும் விடுதிக்காரர்களுக்கும் பெரிய பங்கு உண்டு. அவர்களின் தொழுகைக்கூடம் 1901-இல் கட்டியது. 1943 செப்டம்பர் 16 அன்று, ஊரில் மிச்சமிருந்த யூதர்களை நாஜிகள் வளைத்தபோது, கூட நின்று பிடித்துக் கொடுத்ததில் ஜெர்மன் பேசிய உள்ளூர்க்காரர்களும் இருந்தார்கள்.

"விடுமுறைக்குப் போனவனிடம் எதற்கப்பா சரித்திரப் பாடம்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும். ஆனால் கையேடு விற்பதே சரித்திரத்தைத்தானே! சிஸ்ஸியையும் பழைய குர்ஹவுஸ் மண்டபத்தையும் காட்டித்தானே கூப்பிடுகிறார்கள்? வரவை மட்டும் எழுதிவிட்டு செலவுப் பக்கத்தைக் கிழித்த பேரேட்டை எந்தத் தணிக்கையாளர் ஒப்புக்கொள்வார்?

இன்னொரு வேடிக்கை, இன்றைய அமைதி "கலந்ததால்" வந்ததே அல்ல. 1972-இன் சுயாட்சிச் சட்டம் செய்தது தலைகீழ் வேலை. ஜெர்மன் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி, இத்தாலியப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி. மற்ற மொழியைக் கட்டாயம் படிக்க வேண்டும், அதையும் அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவரே சொல்லித்தர வேண்டும். அரசு வேலை மொழிவாரி விகிதப்படி. மெரானோவில் இரு மொழிக்காரர்களும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. கணக்குப் பார்த்து, பேரம் பேசி, சண்டை போட்டு வாங்கிய ஏற்பாடு இது. க்னோடலும் கப்புச்சினோவும் ஒரே மேஜைக்கு வந்த மாதிரி தானாக வந்ததில்லை.

குளத்தில் இறங்கட்டும், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சிஸ்ஸி நடந்த பாதைக்கு ஒரு பக்கம் ஒதுக்கும் கையேடு, 1923-க்கும் 1943-க்கும் இரண்டிரண்டு வரி ஒதுக்கினால் போதும். அதனால் குளத்துச் சீட்டின் விலை ஒன்றும் ஏறிவிடாது.