ஸ்குரூ டிரைவர் ஆண்களுக்கு மட்டும்தானா?

போன மாதம் எங்கள் சொந்தத்தில் ஒரு கிரகப்பிரவேசம். சாப்பாடு முடிந்ததும் ஆண்கள் எல்லாம் ஹாலில் உட்கார்ந்து, புது டிவி எத்தனை அங்குலம், யார் போனில் போட்டோ நன்றாக விழுகிறது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் நாங்கள் சமையலறையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தோம். மிக்ஸி, கிரைண்டர், கரண்ட் அடுப்பு என்று எல்லாமே புதுசு. நான் வழக்கம்போல மிக்ஸியைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்ததைப் படித்தேன். "750 வாட். மஞ்சள் கூட இதில் அரைக்கலாம்" என்றேன்.

உடனே ஒரு பெரியம்மா, "அரைச்சாப் போதாதா கண்ணு? வாட்டு, கீட்டெல்லாம் ஆம்பளைங்க பாத்துக்குவாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால், வீடு வந்து சேரும் வரை அந்தப் பேச்சு மனசை உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் இந்தக் கடிதம்.

எனக்கு வயது 37. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். சின்ன வயதிலிருந்தே மெஷின் என்றால் எனக்கு உயிர். எங்கள் வீட்டில் ஒரு டேப் ரெக்கார்டர் இருந்தது. கேசட் நாடா சிக்கிக்கொண்டால் பென்சிலை விட்டுச் சுற்றிச் சரி செய்வது நான்தான். ஒருநாள் பாட்டு கரகரவென்று கேட்டதால், மூடியைத் திறந்து ஹெட்டைப் பஞ்சால் துடைத்தேன். அப்பா பார்த்துவிட்டு முதுகில் நாலு வைத்தார். கொஞ்ச நாள் கழித்து, என் தம்பி அதே டேப் ரெக்கார்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு, திரும்ப மாட்டத் தெரியாமல் முழித்தான். "இவன் பெரிய இன்ஜினியரா வருவான் பாரு" என்று அதே அப்பா பூரித்துப் போனார். தம்பி ஐ.டி.ஐ. படித்து எலக்ட்ரீஷியன் ஆனான். நான் கல்யாணமாகி சமையலறைக்கு வந்தேன்.

புகுந்த வீட்டில் இருந்தது மாமியார் காலத்துக் கிரைண்டர். ஈரக் கையோடு தொட்டால் சுருக்கென்று இழுக்கும். அத்தையிடம் சொன்னேன். "மணைக்கட்டை போட்டு அதும்மேல நின்னுக்க கண்ணு. நானும் அப்படித்தான் ஆட்டுனேன்" என்றார். என் வீட்டுக்காரர் ஒரு எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்தார். அவர் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "லேசாத்தானுங்க்கா அடிக்குது. ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டு ஆட்டுங்க" என்று சொல்லி, நூறு ரூபாயும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இதைப் படிக்கிற தோழிகளில் எத்தனை பேர் இன்றைக்கும் செருப்பு போட்டுக்கொண்டு மாவு ஆட்டுகிறீர்களோ, தெரியவில்லை. நான் இரண்டு வருஷம் ஆட்டினேன்.

ஒருநாள் காலை, குளித்துவிட்டு ஈரக் காலோடு ஓடிவந்த என் சின்னவன், ஓடிக்கொண்டிருந்த கிரைண்டரைப் பிடிக்கக் கை நீட்டினான். அவனுக்கு அப்போது இரண்டரை வயசு. காலில் செருப்பு இல்லை. எட்டிப் பிடித்து இழுத்துவிட்டேன். ஆனால், ரொம்ப நேரம் கை கால் நடுக்கம் நிற்கவில்லை.

அன்று ராத்திரியே தம்பிக்குப் போன் போட்டேன். "அக்கா, மூணு முள்ளு பிளக்குல மேல ஒரு முள்ளு மட்டும் பெருசா இருக்குமே, அது எதுக்குன்னு தெரியுமா?" என்று கேட்டான். அத்தனை வருஷம் தினமும் செருகிப் பிடுங்கியிருக்கிறேன். ஒருநாள் கூட யோசித்ததில்லை. மற்ற இரண்டு முள்ளும் கரண்ட் வந்து போக. பெரிய முள் எர்த். மெஷினின் இரும்பு உடம்பில் கரண்ட் கசிந்தால், அது நம் உடம்பு வழியாக இறங்காமல் பூமிக்குப் போவதற்கான வழி. செருகும்போது முதலில் போய்ச் சேரவும், பிடுங்கும்போது கடைசியாக விடவும் வேண்டும் என்பதற்காகத்தான் அதை நீளமாகச் செய்திருக்கிறார்கள். இதைப் போனில் அவன் சொல்லச் சொல்ல எனக்குப் புல்லரித்துவிட்டது.

பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, ஸ்குரூவைக் கழற்றிப் பார்த்தேன். பச்சை ஒயர் பெரிய முள்ளில் மாட்டியிருக்க வேண்டும். யாரோ அதைக் குட்டையாக வெட்டி, டேப் சுற்றி விட்டிருந்தார்கள்! அந்த வாரமே தம்பி ஊரிலிருந்து வந்தான். மோட்டாருக்குள் தண்ணீர் இறங்கி காயில் கெட்டிருந்தது. கொல்லைப்புறத்தில் எர்த் கம்பியும் துருப்பிடித்து அறுந்து கிடந்தது. எல்லாவற்றையும் சரி செய்து, கரண்ட் கசிந்தால் தானாக விழுந்துவிடுகிற ஆர்.சி.சி.பி. சுவிட்சையும் மெயின் போர்டில் மாட்டிக் கொடுத்தான். எல்லாம் சேர்த்து ஐயாயிரத்துக்குள்தான் ஆனது. இரண்டு வருஷம் என் உயிருக்கு நாங்கள் பார்த்த சிக்கனம் அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் எனக்குப் பழைய பைத்தியம் திரும்ப வந்தது. எந்த மெஷின் வந்தாலும் கூட வருகிற புத்தகத்தை முதலில் படித்துவிடுவேன். படித்ததால் லாபமும் உண்டு. பக்கத்து வீட்டு அக்காவின் மிக்ஸி ஒருநாள் பாதியில் நின்றுவிட்டது. போன தடவை இப்படி நின்றபோது கடையில், "மோட்டார் போச்சு" என்று சொல்லி 600 ரூபாய் வாங்கினார்களாம். நான் மிக்ஸியைக் கவிழ்த்து, அடியில் இருந்த சிவப்புப் பட்டனை அழுத்தினேன். ஓடிவிட்டது. அளவுக்கு மீறிப் போட்டு அரைத்தால் மோட்டார் எரிந்து போகாமல் இருக்க, தானாக நின்றுவிடுகிற ஏற்பாடு அது. அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! போன தடவை நிஜமாகவே மோட்டார் போயிருந்ததா என்று அவருக்கு இன்று வரை சந்தேகம்.

ஃபேன் மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் கெட்டிருப்பது கண்டன்சர் என்கிற சின்ன டப்பாதான். காந்தம் ஒட்டாத பாத்திரம் இன்டக்‌ஷன் அடுப்பில் சூடாகாது. இதெல்லாம் பெரிய படிப்பு இல்லை. யாரும் நமக்குச் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பெண்களுக்கு மெஷின் வராது என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பாத்திரம் கழுவும் மெஷினுக்கு 1886-ல் அமெரிக்காவில் உரிமம் வாங்கியவர் ஜோசபின் காக்ரேன் என்ற பெண்மணி. காபி வடிகட்டக் காகிதம் போடும் முறையை 1908-ல் கண்டுபிடித்தவர் ஜெர்மனியில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற குடும்பத் தலைவி. மகனின் பள்ளி நோட்டில் இருந்த மை ஒற்றும் தாளை எடுத்து, ஓட்டை போட்ட பித்தளைப் பாத்திரத்தில் வைத்துத்தான் முதலில் வடிகட்டிப் பார்த்தாராம். நம்மைப் போல அடுப்படியில் நின்றவர்தானே?

நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். கோவையில் சபாபதி என்பவர் 1955-ல் கிரைண்டர் செய்த பிறகுதான் நம் அம்மாக்களின் கை ஆட்டுக்கல்லை விட்டது. 2011-ல் அரசாங்கம் விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் கொடுக்க ஆரம்பித்தபோது வரிசையில் நின்று தூக்கி வந்ததும் நாம்தான். ஆனால், அதோடு வந்த புத்தகத்தை அட்டைப் பெட்டியோடு பரணில் போட்டவர்கள் எத்தனை பேர்!

இவ்வளவு பேசுகிற நானும் ஒரு தப்பு செய்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். மகனின் பிறந்த நாளுக்கு விளையாட்டு மோட்டார், பேட்டரி எல்லாம் உள்ள ஒரு செட் வாங்கிக் கொடுத்தேன். எட்டாவது படிக்கிற மகளுக்கு வாங்கியது கொலுசு. ஒருநாள் அவள் பழைய ரிமோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "பொம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு? கையைக் கிழிச்சுக்கப் போற" என்று கத்திவிட்டேன். அவள் ஒன்றும் பேசாமல் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தாள். அந்த முகத்தை எனக்குத் தெரியும். டேப் ரெக்கார்டருக்காக அடி வாங்கிய என் முகம்தான் அது. மறுநாளே கடைக்குக் கூட்டிப்போய் அவளுக்கென்று ஒரு ஸ்குரூ டிரைவர் செட் வாங்கிக் கொடுத்தேன். கொலுசு வாங்கிய அன்று கூட அவள் அப்படிச் சிரிக்கவில்லை.

எல்லாவற்றையும் நாமே திறந்து பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை. பழைய பெட்டி டிவி, மைக்ரோவேவ் அடுப்பு இரண்டுக்குள்ளும் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளைக் கொல்லும் கரண்ட் தங்கியிருக்கலாம். உப்பிப்போன போன் பேட்டரியைக் குத்தினால் தீப்பிடிக்கும். தொடக்கூடாதது எது என்று தெரிந்துகொள்வதும் அறிவுதானே! எலக்ட்ரீஷியன் வரும்போது உள்ளே போய் டீ போடாமல், பக்கத்தில் நின்று, "ஏங்க, எர்த் இருக்குதுங்களா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள், போதும்.

அந்தப் பெரியம்மாவுக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். பெரியம்மா, ஆம்பளைங்க பாத்துக்கட்டும். ஆனால், ஈரக் கையோடு அதைத் தினமும் தொடுகிறது நாம்தானே?

இன்று மாவு ஆட்டுவதற்கு முன்னால், உங்கள் கிரைண்டர் பிளக்கில் மூன்று முள் இருக்கிறதா என்று பார்ப்பீர்களா தோழிகளே?

- ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்.