என் பேக்கேஜ், என் இஷ்டமா?

பேக்கேஜ் என்பது அதைக் கட்டுபவரின் படைப்பு. கோப்பை இங்கே வை, கிட் கிளைக்கு இந்தப் பெயர் சூட்டு என்று ஒரு குழு வந்து சட்டம் பேசுவது குமாஸ்தா வேலை. டெபியன் லினக்ஸின் பேக்கேஜ் குழுக்களைச் சாடிச் சென்ற இதழில் வந்த கட்டுரையின் சாரம் இவ்வளவுதான். மீதியெல்லாம் ஆத்திரம். ஆத்திரத்துக்குப் பதில் கிடையாது, சாரத்துக்கு உண்டு.

படைப்பாம்! டெபியன் பராமரிப்பாளர் பெரும்பாலும் யாரோ எழுதிய நிரலைத்தான் எடுக்கிறார். பல்லாயிரம் பேக்கேஜ்களுக்கு நடுவே அது எதோடும் மோதாமல் நிற்கும்படி கட்டித் தருகிறார். அந்த வேலையில் தனித்துவம் காட்டுகிறேன் என்பவரிடம், அடுத்து அதைத் திறக்கப்போகிறவர் யார் என்று கேட்க வேண்டும். கட்டுரையில் அந்த அடுத்த ஆள் ஓரிடத்திலும் வரவில்லை.

திறமைசாலிக்கு விதி எதற்கு என்று கட்டுரையாளர் கேட்கிறார். 2006-ல் டெபியனின் ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்கப் பேக்கேஜில், வால்கிரைண்ட் கருவி எச்சரிக்கை காட்டுகிறதே என்று சில வரிகள் நீக்கப்பட்டன. நீக்கியவர் கற்றுக்குட்டியல்ல, மூலத் திட்டத்தின் மடற்குழுவில் கேட்டுவிட்டே செய்தார். ஆனால் ரேண்டம் எண்களுக்கு விதை ஊட்டிய வரியும் அதில் போய்விட்டது. மிஞ்சியது பிராசஸ் எண் மட்டும். ஒவ்வொரு சாவி வகைக்கும் அளவுக்கும் மொத்தமே 32,768 சாத்தியங்கள்! 2008 மே மாதம் லூசியானோ பெல்லோவின் கண்டுபிடிப்பு வெளியாகும்வரை, டெபியனிலும் உபுண்டுவிலும் இப்படித்தான் சாவிகள் உருவாகிக்கொண்டிருந்தன.

அந்த மாற்றம் எங்கே கிடந்தது தெரியுமா? டெபியன் செய்த மற்ற மாற்றங்களோடு கலந்து, ஒரே டிஃப் கோப்புக்குள். இன்று குழுக்கள் ஒரு திருத்தத்துக்கு ஒரு பேட்ச் கோப்பு கேட்கின்றன. ஏன் செய்தோம், யார் எழுதியது, மூலத் திட்டத்துக்கு அனுப்பியாயிற்றா என்பதெல்லாம் அதன் தலையிலேயே இருக்க வேண்டும். டெப்-3 என்ற பெயரில் 2009-ல் வகுக்கப்பட்ட இந்த வழிகாட்டியைத்தான் அவர் 'படிவம் நிரப்புதல்' என்று நக்கலடிக்கிறார். இது இருந்திருந்தால் அந்தப் பிழையே நேர்ந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. இன்னொருவர் கண்ணில் படுவதற்கு ஓர் இடமாவது இருந்திருக்கும்.

அவர் கடைசியில் இறக்கும் துருப்புச் சீட்டு, எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க நிரலில் 2024 மார்ச்சில் அம்பலமான பின்கதவு. இத்தனை விதி இருந்தும் அது டெபியனின் சோதனைக் கிளைக்குள் வந்துவிட்டதே என்கிறார். வந்த வழியைப் பார்த்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டார். எக்ஸ்இசட் பல ஆண்டுகள் ஏறக்குறைய ஒற்றை ஆளின் தோளில் நின்ற திட்டம். சோர்ந்துபோயிருந்த அவரிடம் உதவியாளாக வந்து சேர்ந்தவர்தான் வேலையைக் காட்டினார். பின்கதவைக் கிளப்பிவிடும் எம்4 ஸ்கிரிப்ட் எல்லோரும் பார்க்கும் கிட்டில் இல்லை. வெளியீட்டு டார்பாலில் மட்டும் இருந்தது. இரண்டையும் ஒப்பிடுவது எல்லோருக்கும் பொது வழக்கமாக இல்லாத இடுக்கில்தான் அது புகுந்தது. எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை நொடி தாமதிப்பதைத் துருவிய ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்டிடம் சிக்கியது நம் அதிர்ஷ்டம். விதி போதவில்லை என்பதற்கான சான்றை எடுத்துக்கொண்டு விதியே வேண்டாம் என்று வாதாடுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

விதிகள் நேரத்தை விழுங்குகின்றனவாம். டெபியனின் பெர்ல் குழு 3,000-க்கும் மேற்பட்ட பேக்கேஜ்களைப் பார்த்துக்கொள்கிறது. தலைக்கு இத்தனை என்று அவற்றைப் பங்கு பிரித்து, அவரவர் இஷ்டப்படி கட்டியிருந்தால், ஒரு புதிய பெர்ல் பதிப்பு வரும்போது என்ன ஆகும்? எல்லாம் ஒரே அச்சில் இருப்பதால் யாரும் எதையும் திறந்து கைவைக்கலாம். 2024-ல் 32-பிட் ஆர்ம் கணினிகளை, நேரத்தைக் குறிக்கும் எண் 2038-ல் நிரம்பி வழியும் சிக்கலிலிருந்து காப்பாற்ற, ஆயிரத்துக்கும் மேற்பட்ட நூலகப் பேக்கேஜ்களைத் தொட வேண்டியிருந்தது. பலவற்றின் பெயரில் 'டி64' என்ற ஒட்டு ஏறியது. அதில் பெரும்பகுதியை ஸ்கிரிப்ட்கள் செய்தன. கன்ட்ரோல் கோப்பில் எந்த விவரம் எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்ததால்தான் அது நடந்தது. 'என் படைப்பு' என்று ஆளுக்கொரு விதமாகக் கட்டியிருந்தால் ஆயிரம் பேருக்கு மடல் எழுதிவிட்டுக் காத்திருந்திருக்க வேண்டும்.

விதிமீறல்களைச் சுட்டும் லின்டியன் கருவி தன் பேக்கேஜைக் குறை சொன்னதாக அவர் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

அசட்டு விதிகளே இல்லையா? உண்டு. எந்த விதிப் பதிப்பைப் பின்பற்றுகிறது என்று காட்டும் ஸ்டாண்டர்ட்ஸ்-வெர்ஷன் எண்ணை உயர்த்துவதற்காக மட்டும் ஒரு புதிய பதிப்பை ஏற்றுவது எனக்கும் வீண் வேலையாகத்தான் படுகிறது. ஆனால் அசட்டு விதிகள் எப்படிப் போகின்றன என்பதையும் அவர் பார்த்திருக்கலாம். 'பிரையாரிட்டி: ஆப்ஷனல்' என்ற வரியை ஆண்டுக்கணக்காக எல்லோரும் கன்ட்ரோல் கோப்பில் எழுதிவந்தார்கள். எழுதாவிட்டாலும் அதுதான் பொருள் என்று இப்போது டிபிகேஜி கருவியே எடுத்துக்கொள்கிறது, வரியை அழித்துவிடலாம். அவர் பேக்கேஜும் குழுவின் அச்சில் இருந்தால், அதை அழிக்கவும் ஸ்கிரிப்டே போதும். இல்லையென்றால் அவரே உட்கார்ந்து அழித்துக்கொள்ளட்டும்.